ஒற்றைக் கோட்டு வீடு

எங்கள் குடும்பம் ஏழு தலைமுறையாக ஸ்பெயினில், ஹெரெஸ் ஊரில், பீப்பாய்களில் முதிர்ந்து வருகிறது. ஓக் மரப் பீப்பாய்கள், மூன்று வரிசை. மேல் வரிசையில் பிள்ளைகள். நடு வரிசையில் கல்யாணமானவர்கள். தரை வரிசையில் நானும் என் தம்பி சிதம்பரதாணுவும்.

ஒவ்வொரு சித்திரையிலும் தரை வரிசையில் இருப்பவர்களிடமிருந்து மூன்றில் ஒரு பங்கை ஊருக்காக இறக்கிக்கொள்வார்கள். அந்தக் குறையை நடு வரிசை நிரப்பும். நடு வரிசையை மேல் வரிசை நிரப்பும். யாரையும் முழுதாகக் காலி செய்வது கிடையாது. அதனால் என்னிடம் என் கொள்ளுத்தாத்தா இன்னும் கொஞ்சம் இருக்கிறார். சென்ற ஆண்டு நிரப்பியதிலிருந்து எனக்குச் சைக்கிளும் ஓட்ட வருகிறது.

எங்கள் வகை ஒயினுக்குப் பூ முக்கியம். பூ என்பது பீப்பாய்க்குள் எங்கள் மேல் படர்ந்திருக்கும் வெள்ளை ஆடை. காற்றுப் படாமல் அது எங்களைக் காக்கிறது. அதை அலுங்கவிடக் கூடாது. அலுங்கினால் கிழியும். கிழிந்தால் புளிக்கும். புளிப்பு முற்றினால் நாம் ஒயின் அல்ல, காடி.

இன்று குறி போடும் நாள். காலையிலிருந்து எனக்கு ஒரே படபடப்பு. இருபது வயதுக்காரனின் படபடப்பு. இது யாருடையது என்று மேல் வரிசையில் விசாரித்தேன். எவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

குறி போடுகிறவர் பெயர் சந்தியாகு. நீளமான கோலும் அதன் நுனியில் சிறு குவளையும் கொண்டுவருவார். உச்சந்தலை வழியாகக் குவளையை இறக்கி நம்மில் கொஞ்சம் மொண்டு, உயரத்திலிருந்து கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி முகர்ந்து பார்ப்பார். பிறகு நம் முதுகில் சுண்ணக்கட்டியால் கோடு போடுவார். ஒற்றைக் கோடு என்றால் உயர்ந்தது. இரண்டு கோடு என்றால் தடித்தது. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டால் காடி.

வீட்டில் எல்லோரும் ஒற்றைக் கோடு வாங்கினால் வாசல் நிலையிலும் ஒற்றைக் கோடு விழும். ஏழு தலைமுறையாக எங்கள் வாசலில் அது இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குள் ஒரு காடி இருந்தாலும் அழித்துவிடுவார்கள். புளிப்பு காற்றில் பரவும் என்பது காரணம். அதன்பின் அந்த வீட்டாரைக் குடத்தில் அளந்து விற்கலாம்.

காலை ஒன்பது மணிக்கு நான் வாசலில் நின்று தெருவைப் பார்த்துச் சொன்னேன்.

"எங்க வீட்டுல காடின்னு ஒண்ணு இருந்துச்சுன்னா, நானே அதை வெளியே உருட்டி விட்டிருவேன்."

எதிர்வீட்டுக் கூத்தபெருமாள் தலையசைத்தார். அவர் ஏணியாகி ஆறு மாதம் ஆகிறது. தெருவில் அவருக்கு மரியாதை குறையவில்லை.

காரணம் இல்லாமல் நான் அப்படிப் பேசவில்லை. காலையும் மாலையும் வீட்டில் ஒவ்வொருவரும் மூடியைத் திறந்து பூவை எனக்குக் காட்ட வேண்டும். முப்பது ஆண்டாக இதுதான் ஒழுங்கு. என் மூடியை நான் நாளுக்கு மூன்று முறை திறந்தேன். பெரியவன் முன்னால் நடக்க வேண்டும்.

சந்தியாகு கூத்தபெருமாள் மேல் ஏறி மேல் வரிசைக்குப் போனார். பிள்ளைகள் எல்லோருக்கும் ஒற்றைக் கோடு. தெரு ஆர்ப்பரித்தது. நடு வரிசையில் என் மகனுக்கு ஒற்றைக் கோடு. மருமகள் பகவதியின் கோப்பையிலிருந்து அவர் மூக்கை எடுக்கவே இல்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கோடு போட்டார். சிதம்பரதாணுவுக்கும் ஒற்றைக் கோடு. எனக்குக் காது அடைத்தது. அவ்வளவு சந்தோஷம்.

பிறகு நான். குவளை உள்ளே இறங்கியது. குளிர்ச்சியாக இருந்தது. சந்தியாகு ஊற்றினார். முகர்ந்தார். வேறு கோப்பை கேட்டார். அதிலும் முகர்ந்தார்.

"அண்ணாச்சி, மூடியத் திறந்தியளோ?"

"பூ இருக்கான்னு பாக்கத்தான் திறந்தேன்."

"எத்தனை தடவ?"

"ஒரு நாளைக்கு மூணு."

அவர் என் பின்னால் வந்தார். என் முதுகை என்னால் பார்க்க முடியாது. எண்ணினேன். ஒன்று. அங்கே அவர் நிறுத்தவில்லை. நான்காவது கோடு குறுக்கே போனது.

எல்லோரும் மூடி திறந்த வீட்டில் எனக்கு மட்டும் எப்படிப் பூ கிழியும் என்று கேட்டேன். பகவதி நடு வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமா, நாங்க யாரும் திறக்கவே இல்ல. உங்ககிட்ட காட்டுனது இட்லி மாவு."

"எத்தனை நாளா?"

"நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து. எனக்கு முன்னாடி அத்தை காட்டிக்கிட்டு இருந்தாவளாம். நேத்து சட்டியில பொங்கி வழிஞ்சுட்டு. நீங்கதான், பூ இந்த வருஷம் நல்லா வந்திருக்குன்னு சொன்னிய."

தம்பியைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான்.

"நீயுமால?"

"எனக்கும் அவதான் அண்ணே கலக்கித் தருவா."

எனக்குக் கோபம் வரவில்லை. யோசித்தேன். இவர்கள் என் பேச்சைக் கேட்டிருந்தால் மூன்று வரிசையும் காடி. இப்போது ஒரு பீப்பாய்தான் பழுது. அதுவும் வெளியே போனால் வீடு முழுவதும் ஒற்றைக் கோடு. மணி நாலு இருபது. படபடப்பு இரண்டு மடங்காயிற்று.

நானே உருட்டி விடுவதாகத் தெருவில் சொல்லியிருந்தேன். ஆகவே படுத்து என்னை உருட்டத் தொடங்கினேன். என் முதுகு எப்போதும் விறைப்பாக இருக்கும். உருள்வதற்கு அது நல்லது. சிதம்பரதாணு கை கொடுக்க வந்தான். தொடாதே என்றேன்.

தரை வரிசையிலிருந்து வாசலுக்கு நாற்பது அடி. இன்று நானூறு இருந்தது. நான் நெருங்க நெருங்க வாசல் மரியாதையாகப் பின்வாங்கியது. வேகத்தைக் கூட்டினேன். வாழ்நாளில் இவ்வளவு வேகமாக நான் எங்கும் போனதில்லை. பகவதி பக்கத்திலேயே ஓடி வந்தாள்.

"மாமா, உங்க இடத்துக்கு யாரு?"

"நீ இறங்கு."

"தரை வரிசைக்குப் பொம்பள யாரும் இறங்குனதில்லியே."

"இன்னைக்கு இறங்கு. மூடியத் திறக்காதே."

"நான் எங்க திறந்தேன்," என்றாள். அவள் முகத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. நான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

படியில் கூத்தபெருமாள் தாமாகவே சாய்ந்து படுத்தார். அவர் மேல் உருண்டு தெருவில் விழுந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது.

தெருக்கோடியில் காடிக் கிடங்கு. மேசையில் பிலோமினாள் என்ற அம்மாள் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். ஆறு மாதம் இருந்தால் வெறும் காடி, இரண்டு ஆண்டு இருந்தால் ரிசர்வா, பத்து ஆண்டு இருந்தால் கிரான் ரிசர்வா என்று படித்துக் காட்டினார். காடியிலும் படிநிலை உண்டு என்பது எனக்குத் தெரியாது. எழுந்து நின்றேன்.

"பத்து," என்றேன்.

"எல்லாரும் பத்துதான் கேக்காவ. எந்த வீடு?"

எதற்கு என்று கேட்டேன். வீட்டுப் பெயரைப் புட்டியில் அச்சடித்து ஊர் ஊராக அனுப்புவார்களாம். பெயருக்குக் கீழே காடி என்று இருக்குமாம். பெரிய எழுத்தில் போடுவோம் என்றார்.

"வீடு இல்ல."

"தகப்பனார் பேரு?"

"இல்ல."

"தேடி யாரும் வருவாவளா?"

"வர மாட்டாவ."

அவர் எழுதிக்கொண்டார். என்னை ஒரு வரிசையில் கொண்டுபோய் வைத்தார்கள். இரு பக்கமும் என் வயதுக்காரர்கள். எல்லோருடைய முதுகும் நேராக இருந்தது. யாருக்கும் வீடு இல்லை.

மணி ஐந்து அடித்தது. தெருவின் அந்தக் கோடியில் சுண்ணக்கட்டி மரத்தில் உராயும் ஒலி கேட்டது. ஒரே ஒரு கோடு. அதன்பின் தெரு முழுவதும் ஆரவாரம். மேளம்கூடக் கேட்டது.

பக்கத்தில் இருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"எந்த வீட்டுல வே இவ்வளவு சத்தம்?"

"தெரியாது," என்றேன்.

அவர் கைதட்டினார். நானும் தட்டினேன். அவர் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன்.