விரிப்புக்கு அடியில் இருபத்தேழு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒரு விஷயம் கணக்கில் ஒத்துவராவிட்டால் அதைச் சும்மா விடத் தெரியாது. அந்தக் குளிர்காலம் முழுக்க என்னைக் குடைந்துகொண்டிருந்தது, நூலகச் சுவரில் இருந்த ஒரு சின்னப் பெட்டி. தரையின் வெப்பம் இருபத்தேழு டிகிரி என்று அது காட்டும். அங்கே நூலகராக இருக்கும் நானோ கோட்டைக் கழற்றாமல், கம்பளிக் காலுறைக்கு மேல் இன்னொரு கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு, அதே தரையில் கால் வைத்து நடுங்கிக்கொண்டிருப்பேன். இரண்டில் ஒருவர் பொய் சொல்ல வேண்டும். நான் இல்லை.

எங்கள் ஊர் கைவோலா, பின்லாந்தின் நடுவில் ஒரு ஏரியை ஒட்டிக் கிடக்கிறது. ஊருக்குப் பொதுவாகப் புதுக் கட்டடம் ஒன்று கட்டினோம். ஒரே கூரையின் கீழ் நூலகமும் குழந்தைகள் காப்பகமும் ஊர்மன்ற அலுவலகமும். தரைக்கு அடியில் வளைந்து வளைந்து ஓடும் வெந்நீர்க் குழாய்கள்தான் மொத்தக் கட்டடத்துக்கும் அடுப்பு. மண்ணுக்குள்ளிருந்து சூட்டை இழுத்துத் தர ஒரு பம்பு. அதை ஓட்டத் தெற்குச் சுவர் நெடுகச் சூரியத் தகடுகள். கூரையில் படுக்கவைத்தால் பனி மூடிவிடும், அதனால் சுவரில் நிற்கவைத்தோம். காப்பகத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். நூலகம் மட்டும் மீன் கடை மாதிரி இருந்தது.

இதற்காகவே காத்திருந்தவர் வொய்த்தோ. ஊர்மன்ற உறுப்பினர், ஊருக்கெல்லாம் விறகு விற்பவர், இந்தக் கட்டடத்தை முதல் நாளிலிருந்தே எதிர்த்தவர். வெயிலையும் குழாயையும் நம்பிக் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது என்பது அவர் கட்சி. மார்ச் மாதக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நூலகத்தை மூடிவிடலாம், வாரம் ஒருமுறை புத்தகப் பேருந்து வந்தால் போதும். அதோடு நிற்காமல், அந்தக் கூட்டத்தை நூலகத்திலேயே வைக்க வேண்டும் என்றும் கேட்டு வாங்கினார். எல்லார் காலும் ஒருமணி நேரம் அந்தத் தரையில் இருக்கட்டும், பிறகு கை தானாக உயரும் என்றாராம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வேலை போவது ஒருபுறம். அந்த அறைக்காக எத்தனை வருடம் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஊர்மன்றப் பொறியாளர் அஹ்தி வராமல் இல்லை. வந்தார், குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று வெளியேற்றினார், ஒரு வால்வை மாற்றினார். ஒவ்வொரு முறையும் கடைசியில் பெட்டியைப் பார்ப்பார், அது இருபத்தேழு என்னும். தரை சரியாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் ரத்தம் சுண்டிவிட்டது என்று கிண்டல் செய்துவிட்டுப் போவார்.

எங்கள் ஊரில் யாரும் குளிருகிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது குறை சொல்வதாகிவிடும். அக்டோபரில் ஒருநாள், குழாய்களில் வெந்நீர் திறந்துவிட்ட மறுநாள், தரை இன்னும் சூடேறாத நேரத்தில் ஹில்ப்பா புத்தகம் மாற்ற வந்தாள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், வீட்டில் தறி வைத்துப் பழைய துணியில் விரிப்பு நெய்பவள். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள், கால்விரலை ஒருமுறை மடக்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நீல நிறத்தில் ஒரு விரிப்பைக் கொண்டுவந்து என் மேசைக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் போட்டுவிட்டுப் போனாள். செத்துப்போன கணவனின் வேலைச் சட்டைகளைக் கிழித்து நெய்தது அது. அதைப் பார்த்து அடுத்த வாரம் இன்னொருத்தி ஒன்று கொண்டுவந்தாள், பிறகு இன்னொருத்தர். கிறிஸ்துமஸ் வந்தபோது தரையே கண்ணில் படவில்லை. விரிப்பு கூடக் கூட அறையும் குளிர்ந்துகொண்டே போனது. குளிர்காலம் முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி.

கூட்டத்துக்கு முந்தின நாள் நல்ல வெயில். பனியில் பட்ட வெளிச்சம் வேறு தகடுகளில் அடித்தது. சூரியன் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நூலகத்துப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தமே இல்லை. இங்கே நான் விறைத்துக் கிடக்க, செலவாகாமல் மிஞ்சிய எங்கள் மின்சாரம் யார் வீட்டுக்கோ போய்க்கொண்டிருந்தது. அஹ்தியைக் கூப்பிட்டேன்.

"இந்த இருபத்தேழ இது எங்க தொட்டுப் பாத்துட்டு சொல்லுது?" என்று கேட்டேன்.

"தரையிலதான்."

"தரையில எந்த இடத்துல?"

தரைக்குள் எங்கோ சூட்டை உணரும் கம்பி ஒன்று புதைத்திருக்கிறது, புதைத்தவன் மின்பணியாளன், அவன் இப்போது நார்வேயில் என்றார் அஹ்தி. எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. காலுறையோடு மண்டியிட்டு, விரிப்புகளுக்கு அடியில் கையை விட்டுத் தடவிக்கொண்டே தவழ்ந்தேன். எல்லா இடமும் சில்லென்று இருந்தது. ஜன்னலோரம் வந்தபோதுதான் நினைவு வந்தது. கதை கேட்க வரும் காப்பகப் பிள்ளைகள் எப்போதும் ஹில்ப்பாவின் நீல விரிப்பின் மேல்தான் முண்டியடிப்பார்கள். வேறு சில விரிப்புகளையும் இழுத்துவந்து அதன்மேல் மெத்தை போலக் குவித்திருந்தார்கள். அடியில் கையை விட்டேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி மாதிரி கதகதப்பு.

அஹ்தியும் கையை விட்டுப் பார்த்தார்.

"கம்பி இதுக்கு நேர் கீழதான் இருக்கு," என்றார். "மேல போர்வை மாதிரி இத்தன கெடக்கு, சூடு எங்க போவும்? இங்க இருபத்தேழு ஆனதும் மொத்தத் தரையும் சூடாயிடுச்சுன்னு நெனச்சு அது தண்ணிய நிறுத்திடுது. நான் அஞ்சு மாசமா இத சுத்தி சுத்திப் போயிருக்கேன், சைமி."

அவரைத் திட்ட முடியவில்லை. ஒருத்தி கையால் நெய்து போட்டதை அவளைக் கேட்காமல் தூக்கிப் பார்க்க எங்கள் ஊரில் யாருக்கும் மனம் வராது. இப்போதும் வரவில்லை. ஹில்ப்பாவிடம் நீயே சொல்லு என்றார் அஹ்தி. பொறியாளர் நீங்கள்தானே என்றேன். அதற்கெல்லாம் படிப்பு கிடையாது என்று நழுவிவிட்டார்.

நான்தான் அவள் வீட்டுக்குப் போனேன். ஹில்ப்பா காபி ஊற்றினாள், ஏலக்காய் ரொட்டியை நறுக்கி வைத்தாள். நான் பனியைப் பற்றிப் பேசினேன், சாலையைப் பற்றிப் பேசினேன்.

"சொல்ல வந்தத சொல்லுடி. காபி ஆறுது," என்றாள்.

சொன்னேன். அவள் தறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நூலகமே போனாலும் போகட்டும், இவளிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்றுகூடத் தோன்றியது.

"அப்போ குளிர்காலம் பூரா உன்ன நடுங்க வச்சது எங்க வீட்டுக்காரர் சட்டைதானா," என்றாள் மெதுவாக. பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "உசுரோட இருக்கும்போதும் அந்த ஆளு அப்பிடித்தான். ஒதவி பண்றேன்னு வந்து நடுவுல படுத்துக்குவாரு. ஏண்டி, குளிருதுன்னு அன்னிக்கே நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன? நீதான் சொல்லியிருந்தா என்ன?"

மற்றவர்களுக்கு அவளே தொலைபேசியில் சொன்னாள். இவள் பேருந்தில் ஏறி வளர்ந்த ஊர், இறங்கு என்றால் இறங்கிப் பழகியது. பொழுது சாய்வதற்குள் விரிப்புகள் எல்லாம் வெளியே துணி உலர்த்தும் கம்பிகளில் தொங்கின. உள்ளே தண்ணீர் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. கான்கிரீட்டுக்கு அவசரம் கிடையாது, நாளைக்குள் சூடேறுமா என்று சத்தியம் செய்ய முடியாது என்றார் அஹ்தி. காலையில் ஓடிவந்து உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பா, என் ஆசையா என்று சொல்ல முடியவில்லை. மத்தியானமும் அப்படித்தான். தரை சூடேறாவிட்டால் அந்த அறையில் அதுவே என் கடைசிக் குளிர்காலம்.

சாயங்காலம் உறுப்பினர்கள் வந்தார்கள். வாசலில் காலணிகளைக் கழற்றிவிட்டு, யாருமே கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார்கள். வொய்த்தோ தடித்த கம்பளிக் காலுறை போட்டு, தயாராக வந்திருந்தார். எழுந்து பேசத் தொடங்கினார். நன்றாகத்தான் பேசினார். டிசம்பர் இருட்டில் சூரியத் தகடு என்ன தரும் என்று கேட்டார். நான்கு மரக்கட்டை தரும் நிச்சயத்தை எந்தக் குழாயும் தராது என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கீழே பார்த்தேன்.

வொய்த்தோவின் வலது கால் பெருவிரல் இடது காலுறையின் விளிம்பைத் தள்ளிக்கொண்டிருந்தது. பேச்சு நிற்கவில்லை. காலுறை மெல்ல இறங்கி, சுருண்டு, கழன்றது. பிறகு அடுத்தது. வெறுங்கால் இரண்டும் தரையில் பதிந்து, பத்து விரலும் சுகமாக விரிந்தன. மேலே அவர் இந்த அறையில் மனிதன் விறைத்துச் சாவான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பொதுமக்கள் வரிசையில் பின்னால் உட்கார்ந்திருந்த ஹில்ப்பா இடத்தைவிட்டு எழவில்லை.

"வொய்த்தோ, பேச்சு நல்லாத்தான் இருக்கு," என்றாள். "மொதல்ல காலுறைய எடுத்து மாட்டிக்க. அப்புறம் குளிருதுன்னு சொல்லு."

எல்லாரும் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். பேச்சை முடிக்காமலே உட்கார்ந்தார்.

நூலகத்தை மூடலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று தலைவர் கேட்டபோது, வொய்த்தோகூடக் கையைத் தூக்கவில்லை. காலுறையையும் மாட்டிக்கொள்ளவில்லை.