கடலுக்குப் போன மாமனார்

நார்வே நாட்டுப் பெர்கன் நகரத்து மீன் எண்ணெய் வியாபாரி ஹால்வோர்சனுக்கு வீம்பு அதிகம். மகள் இங்குன்னைப் பெண் கேட்டுப் போன நில அளவைக்காரன் ஸ்வெர்ரேயிடம், தென்துருவத்தில் தன் பெயரில் ஒரு பனியாறு இருந்தால்தான் கல்யாணப் பேச்சே என்று சொல்லிவிட்டார். துருவப் பயணத்துக்குக் கைகொடுத்தவர்களின் பெயரைக் கண்ட மலைக்கெல்லாம் சூட்டுவது அந்தக் காலத்து வழக்கம். பிஸ்கட் கொடுத்தவருக்கே ஒரு சிகரம் கிடைத்திருந்தது.

ஸ்வெர்ரே ஒரு துருவப் பயணக் குழுவில் சேர்ந்து தெற்கே போய்ச் சேர்ந்தான். அங்கே மலையிடுக்கில் பனியாறுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவனுக்குச் சின்னது எதுவும் பிடிக்கவில்லை. பெரிய பனியாறு ஒன்று கடலுக்குள் நீட்டியிருந்த நாக்கைப் பிடித்துக்கொண்டான். அது தண்ணீரில் மிதக்கிறது என்பது அவனுக்கே தெரியும். காதலிக்கிறவன் கண்ணுக்கு அதன் நீளம்தான் தெரிந்தது, பாவம். நுனியில் சிவப்புக் கொடி நட்டு, குழுத் தலைவர் எல்லோருக்கும் ஒரு மடக்குச் சாராயம் ஊற்றி, ஹால்வோர்சன் பெயரை வரைபடத்தில் ஏற்றினார். அன்றிலிருந்து கூடாரத்தில் அதற்கு மாமனார் என்றே பெயர். மாமனார் மேல் மூட்டம், மாமனார் மேல் பென்குவின் என்று பிழைப்பு ஓடியது.

குளிர்காலம் முடிந்த ஒரு காலையில் இடி இடித்தாற்போல் சத்தம். முதலில் வெளியே போய்ப் பார்த்தவர் சமையல்காரர் குட்முண்ட்.

"தம்பி, மாமனார் கிளம்பிட்டாரு," என்றார்.

கொடியோடு நாக்கு முழுவதும் உடைந்து வடக்கே மிதந்து போய்க்கொண்டிருந்தது. இல்லாத பனிக்கு வரைபடத்தில் இடமில்லை என்று தலைவர் பெயரை அடித்துவிட்டார். ஸ்வெர்ரே அன்று சீல் கறி வறுவலைத் தொடவே இல்லை. இங்குன் கைநழுவிப் போனதாகவே நினைத்து அழுதான்.

கோடையில் கப்பல் வந்தது. தன் பெயரில் பனியாறு வந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்க ஹால்வோர்சனே வந்திருந்தார். இறங்கும்போதே முகம் சிவந்திருந்தது.

"என்னய்யா கடல் இது? நடுவழியில மலை மாதிரி ஒரு பனிக்கட்டி. இந்தப் பக்கம் திருப்பினா இந்தப் பக்கம் வருது, அந்தப் பக்கம் திருப்பினா அந்தப் பக்கம் வருது. வழிய விட்டாத்தானே. அது மேல சிவப்புக் கொடி வேற. எந்தக் கிறுக்கன் நட்டானோ."

ஸ்வெர்ரேக்கு ஓடி ஒளிய இடமில்லை.

"ஐயா, அது நீங்கதான்."

குட்முண்ட் கரண்டியோடு உள்ளே நழுவினார். ஹால்வோர்சன் வெறும் கடலைப் பார்த்தார், ஸ்வெர்ரேயைப் பார்த்தார். மீசை துடித்தது.

"வழிய விடமாட்டேன்னு என் பொண்ணும் என்னைப் பத்தி இதையேதான் சொல்லுவா," என்றார் கடைசியில். "போய்த் தொலை. வழிய விட்டுட்டேன்."