பகல் தூக்கம்

1987இல் லோரி மோதியதில் சீதாலெட்சுமியின் மகன் இறந்துபோனான். தலையில் அடிபட்ட மூன்று வயது மகள் மாலினி அதன்பின் பேசவே இல்லை. ஓராண்டு கழித்து, குழந்தைகளின் தூக்கத்தை ஆராய்ந்துவந்த டாக்டர் சபாபதியின் பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்குக்கு அவளை அழைத்துப்போனாள்.

மதியம் குழந்தை தூங்கியது. தலையில் ஒட்டிய ஒயர்களின் வழியே மூளையின் மின்னலைகள் காகிதத்தில் கோடுகளாக ஓடின. திடீரென்று, "அண்ணா, தள்ளிப் படு" என்றாள் மாலினி.

சீதாலெட்சுமி நாற்காலியை விட்டு எழுந்தாள். "எழுப்பிடவா டாக்டர்?"

"வேணாம்மா. பேச்சு உள்ளுக்குள்ள இன்னும் இருக்கு. நல்ல சேதிதான்."

விழித்த குழந்தை மறுபடி வாய் திறக்கவில்லை. அன்றிரவு பண்டமாரானில் இருந்த தங்கள் வீட்டில் சீதாலெட்சுமி மகளை ஒட்டிப் படுக்கவில்லை. நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுப் படுத்தாள்.