நெட்டுக்குத்தலாக இரண்டு திருகாணிகள்

பெட்டிக்காரருக்கு ஒரு கிறுக்கு உண்டு. எந்தப் பழைய மரப்பெட்டியைப் பழுதுபார்த்தாலும் சரி, கடைசியில் திருகாணித் தலைகளில் இருக்கும் கீறல்கள் எல்லாம் நெட்டுக்குத்தலாக, ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது. "இது என் கையெழுத்து" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். நன்றாகப் பீற்றிக்கொள்ளட்டும், வினையே அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

அன்று காலை தங்கை பட்டறை வாசலில் வந்து நின்றாள். இருபத்திரண்டு வருஷம் கழித்து வருகிறாள். அம்மா செத்து இருபது நாள் ஆகிவிட்டது. கூடப்பிறந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை இந்தப் புண்ணியவான். எல்லாம் முடிந்தபிறகு இவர் மகள்தான் இவருக்குத் தெரியாமல் போன் போட்டிருக்கிறாள்: "அத்தை, பாட்டி உங்கள மன்னிச்சிட்டாங்களாம். அவங்க எழுதுபெட்டிய உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க."

"பெட்டி எங்கண்ணே?" என்றாள் தங்கை. அவள் உட்காரவில்லை.

மன்னிப்பு எதற்கு என்றால், அதைச் சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அம்மாவின் கல் மோதிரம் காணாமல் போனது. அப்போது வீட்டில் இருந்தது தங்கை மட்டும். "அடிப்பாவி, பெத்தவகிட்டயே கை வச்சிட்டியே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பட்டறை பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சரிபாதி என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா, மொத்தத்தையும் மகன் பேருக்கு எழுதிவைத்தார். தங்கை கட்டின துணியோடு வெளியேறினாள்.

அப்பா பட்டறையை எழுதிவைத்த மறுவாரம், பூட்டு மக்கர் பண்ணுகிறது என்று அம்மாவின் எழுதுபெட்டி இவர் கைக்கு வந்தது. உள்ளே ஆழம் அளந்தார், வெளியே உயரம் அளந்தார், கணக்கு உதைத்தது. பேனாத் தட்டுக்கு அடியில் இருந்த பலகையை நகர்த்தினால், ஒரு கள்ள அறை! அப்படி ஒன்று இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது. கோடையில் மரம் சுருங்கித் தட்டோரத்தில் இடுக்கு விட்டிருந்தது. தட்டில் கழற்றி வைத்த மோதிரம் அந்த வழியாக நழுவி உள்ளே சமர்த்தாகக் கிடந்தது.

மனுஷனாகப் பிறந்தவன் என்ன செய்வான்? "அம்மா, கெடச்சிடுச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடுவான். இவர் பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பாதியாகிப் போன பட்டறை கண்முன் வந்து நின்றது. மோதிரத்தை வெளியே எடுத்தால் என்றைக்காவது யார் கண்ணிலாவது படும். அதனால் உள்ளேயே விட்டு, பலகைமேல் இரண்டு பித்தளைத் திருகாணிகளை இறக்கினார், நெட்டுக்குத்தலாக. மேலே பச்சைத் துணி ஒட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் அம்மா சாகிறவரை பெட்டியைத் தலைமாட்டிலிருந்து நகர்த்த விடவில்லை. செத்தபிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தவர், இன்றைக்கு நாளைக்கு என்று இருபது நாளை ஓட்டிவிட்டார்.

"துணி நைஞ்சு கெடக்கு, மாத்தித் தரேன். அடுத்த வாரம் வா" என்றார் தங்கையிடம்.

"நேத்தே உரிச்சிட்டேன்ப்பா!" என்று மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தாயில்லாப் பிள்ளை, அத்தை வருகிறாள் என்று தலைகால் புரியாத சந்தோஷம். "அத்தை, இங்க பாருங்க. துணிக்கு அடியிலயும் அப்பா கைவேலை! கீறல் ரெண்டும் எப்படி நிக்குது பாத்தீங்களா? நானும் இப்ப இப்படித்தான் முடுக்கறேன்."

அப்பாவும் பெட்டிக்காரர், தங்கையும் அவர் மகள்தானே. "இந்த எடத்துல திருகாணி எதுக்கு?" என்றாள். மகள் திருப்புளியை எடுத்துக் கொடுத்தாள். திருகத் திருகப் பச்சைக் களிம்பு தூளாக உதிர்ந்தது. பலகை நகர்ந்தது.

மோதிரத்தைப் பார்த்ததும் தங்கையின் வாய் கோணியது. "செய்யாத தப்புக்கு மன்னிச்சிட்டுப் போயிட்டாங்களே அம்மா" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு தலையை நிமிர்த்தி அண்ணனைப் பார்த்தாள்.

அந்த ஒரு நொடி போதும், உண்மையைச் சொல்ல. பெட்டிக்காரர் கையை நீட்டினார், மகளை நோக்கி.

"நீதானா அது? பாட்டி பக்கத்துல படுத்தவ நீ. துணிய உரிச்சவ நீ. என்னை விட்டா இப்படி முடுக்கத் தெரிஞ்சவளும் நீதான்."

"அப்பா! என்னப்பா சொல்றீங்க?"

தங்கை மகளின் முகத்தையே பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் தன்னுடைய முகமும் இப்படித்தான் வெளுத்திருந்தது.

"இவ்வளவு களிம்பு ஏற எத்தனை வருஷம் ஆகும்னு அப்பா நம்ம ரெண்டு பேருக்கும்தானே சொல்லிக் குடுத்தாரு?" என்றாள். "இவளுக்கு அப்ப ரெண்டு வயசுண்ணே."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. வீட்டுல திருட்டுக் கை இருக்கு, அவ்வளவுதான்."

"அப்பா, நான் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. ஒரே ஒரு வார்த்தை."

அவர் உப்புத்தாளை எடுத்து, ஏற்கெனவே வழவழவென்று இருந்த ஒரு மூடியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

தங்கை மோதிரத்தை மேஜைமேல் வைத்தாள். காலிப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "வாம்மா. கட்டின துணி போதும், நானும் அப்படித்தான் போனேன்" என்றாள். மகள் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். அவர் தலை நிமிரவே இல்லை.

மறுநாள் நகைப்பெட்டி வாங்க வந்த வாடிக்கையாளர் கேட்டார்: "எங்க, பொண்ணக் காணோம்?"

"அனுப்பிட்டேன். கை சுத்தமில்ல."

"ஐயையோ, உங்க பொண்ணா?"

"என்ன பண்றது, அத்தை புத்தி" என்ற பெட்டிக்காரர், கொடுப்பதற்கு முன் நகைப்பெட்டியை ஒருதரம் உற்றுப்பார்த்தார். ஒரு திருகாணி லேசாகச் சாய்ந்திருந்தது. அதை நேராக்கிவிட்டுத்தான் கொடுத்தார்.