வேலங்காட்டு இணைப்புச் சாலை

2003ஆம் ஆண்டு செப்டம்பர் கடைசி வாரம், காலாண்டு விடுமுறையில், பெரம்பலூர் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் மாணவர் சேவை மன்றம் பாடாலூரை அடுத்த வேலங்காடு என்ற ஊரில் முகாமிட்டது.

அதற்கு முந்தைய வாரம் நிதி திரட்டினார்கள். பிள்ளைகள் சட்டையில் காகிதப் பூ குத்திக்கொண்டு, பூட்டுப் போட்ட தகர உண்டியல்களோடு பேருந்து நிலையத்தில் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினார்கள். உண்டியலைக் கண்டதும் திருச்சி பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தூக்கம் வந்தது. துறையூர் பஸ்ஸில் பாட்டுப் பாடிப் பிழைக்கும் ஒருவர் மன்றச் செயலாளர் தேவயானியை வழிமறித்தார். "இது என் வண்டி பாப்பா. அரியலூர் வண்டிக்குப் போ. அங்க இன்னிக்கு நான் ஏறல" என்றார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவியான தேவயானி அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அரியலூர் வண்டிக்குப் போனாள்.

திரட்டிய நிதி மரக்கன்றுகளுக்கு என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தார்கள். கன்றுகள் இலவசமாகவே கிடைத்தன. ஆகவே காசு கன்றுகளைச் சுற்றி வைக்கும் இரும்புக் கூண்டுகளுக்கும், கூண்டில் தொங்கும் நன்கொடையாளர் பெயர்ப் பலகைகளுக்கும் போனது. பலகை கன்றைவிட உயரமாக இருந்தது.

மன்றப் பொறுப்பாசிரியர் கலைவாணன் அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் வணிகவியல் ஆசிரியர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். மாவட்டத்தின் சிறந்த சேவை மன்றத்துக்கு ஆண்டுதோறும் ஒரு கேடயம் உண்டு. அது எப்போதும் வேறு பள்ளிக்கே போய்க்கொண்டிருந்தது. தலைமை ஆசிரியர் தம் அறைச் சுவரில் கேடயத்துக்காக ஓர் ஆணி அடித்து வைத்திருந்தார். கலைவாணன் கையெழுத்துப் போட உள்ளே போகும்போதெல்லாம், "ஆணி துருப்புடிக்குது சார்" என்பார்.

முகாமுக்கு வேலங்காட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஊர் நெடுஞ்சாலைக்கு மிக அருகில் இருந்தது. சிறப்பு விருந்தினர்கள் பேசி முடித்ததும் சீக்கிரம் திரும்பலாம்.

முகாம் தொடங்கிய காலையில் பஞ்சவர்ணம் என்ற பெண் கலைவாணனைத் தேடி வந்தாள். கிழக்குத் தெருவின் கடைசி வீடு அவளுடையது. மண்சுவர், மேலே நாட்டு ஓடு. கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள். வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடியது. மேட்டு வயல்களின் மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் ஏரிக்குப் போக வேண்டும். கோரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்ததால் பாதித் தண்ணீர்தான் போனது. மீதி அங்கேயே நின்றது. அது கரிசல் பூமி, நின்ற தண்ணீரை உள்ளே இழுக்காது. போன ஐப்பசியில் சுவரின் அடி ஊறி உப்பியிருந்தது. இன்னொரு முறை ஊறினால் சுவர் நிற்காது. சுவர் போனால் கூரையும் கூடவே வரும்.

"பிள்ளைவ இத்தினி பேரு வந்திருக்காங்க சார். ஒரு பொழுது அந்தக் கோரைய வெட்டி விட்டாங்கன்னா இந்த மழைக்குச் சுவரு தாங்கிரும்."

கலைவாணன் அச்சிட்ட நிகழ்ச்சி நிரலைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். "வாய்க்கால் இதுல இல்லீங்களேம்மா."

"அதுல இல்லாட்டி என்னங்க, என் வூட்டுக்குப் பின்னால இருக்குதே."

அவர் இரக்கத்தோடு தலையசைத்தார். நிகழ்ச்சி நிரலில் சுகாதார விழிப்புணர்வு ஊர்வலம் இருந்தது, மரம் நடுதல் இருந்தது, நிறைவு விழா இருந்தது. ஊர்வலம் குறித்த நேரத்தில் புறப்பட்டது. ஊரே கடலை பறிக்கக் காட்டுக்குப் போயிருந்ததால், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்ற முழக்கத்தை நாய்களும், வாசலில் கட்டிப் போட்டிருந்த ஆடுகளும் கேட்டன. மறுநாள் சாலையோரம் குழிகள் வெட்டிக் கன்றுகள் வைத்தார்கள். கூண்டுகள் வந்து சேர்வதற்குள் அதே ஆடுகள் பாதிக் கன்றுகளைத் தின்றிருந்தன. கூண்டுகளைத் திட்டப்படி வைத்தார்கள். வெறும் மண்ணைச் சுற்றி நன்கொடையாளர்களின் பெயர்கள் பத்திரமாக நின்றன.

நிறைவு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் அரியலூரில் சிமெண்ட் கடை வைத்திருந்த வேணுகோபால். பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளைத் தொப்பி வாங்கிக் கொடுத்தவர். தொப்பியில் அவர் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தன. ஊராட்சித் தலைவர் செல்லமுத்துவின் களத்தில் மேடை போடுவதாகத்தான் பேச்சு. ஆனால் களத்தில் கடலை காய்ந்தது. அதனால் கிழக்குத் தெரு சமுதாயக் கூடத்து வாசலுக்கு மேடை மாறியது. அங்கே போக வாய்க்காலைத் தாண்ட வேண்டும். தாண்டுவதற்கு ஒரு பனைத்துண்டு மட்டுமே கிடந்தது.

"அவரு மூட்டுவலிக்காரரு சார். கார் மேடைகிட்ட வரணும். நடக்கச் சொன்னீங்கன்னா அடுத்த வருசம் தொப்பி வராது" என்றார் செல்லமுத்து.

மரக்குழிகளில் தோண்டிய மண் சாலையோரம் குவிந்து கிடந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்று, மண் அள்ளும் பாண்டுச் சட்டிகளைக் கை மாற்றி, ஒரே மாலையில் வாய்க்காலை மூடிவிட்டார்கள். அந்த முகாமில் முனைப்பாக நடந்த வேலை அதுதான்.

வயலிலிருந்து திரும்பிய பஞ்சவர்ணம் கடலைக்கொடிக் கட்டைக் கீழே போட்டாள்.

"வெட்டி விடச் சொன்னா மூடிப்புட்டீங்களே சார்!"

"ஒரு நாளைக்குத்தாம்மா. விழா முடிஞ்சதும் எடுத்துருவோம்."

"எடுக்கலன்னா?"

"நான் ஆசிரியர்ம்மா. பொய் சொல்வனா?"

அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

மறுநாள் கார் குலுங்காமல் மேடைவரை வந்தது. வேணுகோபால் இறங்கி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நான் எத்தனையோ முகாமுக்குப் போயிருக்கேன். மாணவச் செல்வங்கள் மண்ணைச் சுமந்து ரோடு போட்ட ஊரை இன்னிக்குத்தான் பாக்கறேன். அந்த ரோட்டுல முதல்ல வந்த வண்டி என் வண்டி. இதைவிட என்ன பெருமை வேணும்?"

முதலில் கைதட்டியவர் தலைமை ஆசிரியர். திருத்திச் சொல்லலாம் என்று எழுந்த கலைவாணன் எழுந்த நிலையிலேயே தானும் தட்டினார். நிருபர் ஒருவர் சாலையின் நீளத்தைக் கேட்டார். கலைவாணன் சற்று யோசித்துவிட்டு ஒரு நீளம் சொன்னார். மறுநாள் செய்தித்தாளில் அது இணைப்புச் சாலை என்று வந்தது. தலைமை ஆசிரியர் செய்தியைக் கத்தரித்துப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அதற்குப் பிறகு அந்த மண்ணை எடுப்பது சாத்தியமில்லாமல் போனது. கேடயத்துக்கான அதிகாரி வந்து பார்வையிடும்வரை சாலை இருந்தாக வேண்டும்.

புரட்டாசி முடிவதற்குள் முதல் மழை பெய்தது. தண்ணீர் மண்மேட்டில் முட்டித் திரும்பிப் பஞ்சவர்ணத்தின் பின்சுவரில் வந்து நின்றது. அடிச்சுவரில் ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. அடுத்த நாள் அவள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, பெரம்பலூர் பள்ளிக்கே வந்துவிட்டாள். கலைவாணன் அவளை வராந்தாவில் உட்கார வைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

"அதிகாரி வந்துட்டுப் போகட்டும்மா. அன்னிக்கே எடுத்துருவோம்."

"அவரு எப்ப வருவாரு?"

"அது அவருக்கே தெரியாதும்மா."

"அப்ப நானே வெட்டிக்கிறேன்."

கலைவாணனின் முகம் மாறியது. "அது இப்ப பள்ளிக்கூடத்துச் சொத்து. பேப்பர்ல வந்த ரோடு. தொட்டீங்கன்னா போலீஸ் கேசாயிரும்." செல்லமுத்துவும் ஊரில் அதையே சொன்னார். அவருடைய டிராக்டர் இப்போது அந்த வழியாகத்தான் சுற்றில்லாமல் வயலுக்குப் போனது.

தேவயானி ஒருநாள் ஆசிரியர் அறை வாசலில் நின்று கேட்டாள். "சார், அந்த அக்கா வூட்டுச் சுவரு?"

"மன்றத்துல உனக்குச் சான்றிதழ் வேணுமா வேண்டாமா?"

"வேணும் சார்."

"அப்ப கிளாசுக்குப் போ."

அந்த ஆண்டு மாநிலம் முழுவதும் மழைநீர் சேகரிப்புதான் பேச்சு. பள்ளிக்கூடம், கோயில், காவல் நிலையம் எல்லாவற்றுக்கும் குழாயும் தொட்டியும் வந்துகொண்டிருந்தன. ஐப்பசி பிறந்ததும் ஒரு சுற்றறிக்கை வந்தது. முகாம் நடந்த ஊரில் மழைநீர் சேகரிப்புக்கு ஏதாவது செய்திருந்தால்தான் கேடயத்துக்கு மதிப்பெண். கலைவாணன் வேலங்காட்டை மனதுக்குள் தெருத் தெருவாக நடந்து பார்த்தார். மழைநீருக்கும் அந்த முகாமுக்கும் இருந்த ஒரே தொடர்பு, அதை அடைத்தது. அடைத்ததைத் திறந்து ஏரிக்கு விட்டால் அதையே சேகரிப்பு என்று காட்டலாம்.

அன்று மாலையே பஞ்சவர்ணத்தின் வாசலில் போய் நின்றார்.

"அந்த மண்ணை எடுத்துரலாம்னு இருக்கோம்மா."

"ரோட்டைத் தொட்டா போலீசுன்னீங்க?"

"அது போன மாசம்ங்க."

பஞ்சவர்ணம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எடுக்கறதுன்னா ஏரி வரைக்கும் வெட்டி விடணும். கோரை ஒரு தூரு இருக்கக் கூடாது. இல்லைன்னா நீங்க போட்ட ரோடு அப்படியே கெடக்கட்டும். வர்ற ஆபீசர்கிட்ட நானே வந்து எல்லாத்தையும் சொல்றேன்."

கலைவாணன் ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை பிள்ளைகள் வந்து மண்ணை அள்ளினார்கள், கோரையை வேரோடு பிடுங்கினார்கள், ஏரிக்கரைவரை வெட்டினார்கள். நிகழ்ச்சி நிரலில் இல்லாத அந்த வேலை ஒரு பொழுதில் முடிந்தது. செல்லமுத்து டிராக்டரில் வந்து பார்த்து, "போட்டவங்களே எடுக்கறீங்க, நான் என்ன சொல்ல" என்று சொல்லிவிட்டுப் பழைய வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்.

ஐப்பசியில் வானம் கறுத்திருந்த ஒரு பிற்பகல் அதிகாரி ஜீப்பில் வந்தார். முதலில் சாலையைக் கேட்டார்.

"நீங்க வந்ததே அதுலதான் சார்" என்றார் கலைவாணன்.

அது ஊராட்சி எப்போதோ போட்ட பாதை. அதிகாரி பாதையைக் காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார். "கெட்டியாத்தான் போட்டிருக்கீங்க" என்று மதிப்பெண் போட்டார். பிறகு வாய்க்காலுக்கு வந்தார்.

"தண்ணி எங்க போகுது?"

"ஏரிக்குங்க சார்."

"போனா அது வடிகால். நின்னாத்தான் சேகரிப்பு. இங்க ஒரு தடுப்பு வைங்க."

அவர் குடையால் காட்டிய இடம், வாய்க்கால் அகலமாக இருந்த இடம். பஞ்சவர்ணத்தின் பின்சுவருக்கு நேர் கீழே இருந்தது. பார்வையிடலுக்காக அழைத்து வந்திருந்த பிள்ளைகள் சாக்குகளில் மண் நிரப்பி அடுக்கினார்கள். "தண்ணி நிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அது இல்லாம மார்க் போட முடியாது" என்று சொல்லிவிட்டு, முதல் தூறலில் அதிகாரி ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

மழை பிடித்தது. மேட்டு வயல்களின் தண்ணீர் வந்து சாக்குகளில் முட்டி நின்றது. அதிகாரியின் வருகையைப் படமெடுக்க வந்திருந்த பாடாலூர் ஸ்டுடியோக்காரர் கேமராவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளையைக் குடை பிடிக்க வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு சாண் ஏறட்டும் சார். அப்பத்தான் படத்துல தண்ணின்னு தெரியும்."

"ஏறட்டும், ஏறட்டும்" என்றார் கலைவாணன்.

மழையைக் கண்டு வயலிலிருந்து திரும்பிய பஞ்சவர்ணம் பிள்ளைகள் இரண்டையும் வெளியே கொண்டுவந்து எதிர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். பின்சுவரின் அடி கறுத்து ஈரம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. பெயர்ந்த பாளத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று சத்தமில்லாமல் நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"சாக்க எடுங்க சார்! சுவரு உக்காருது!"

"ஒரே ஒரு போட்டோம்மா. ரெண்டு நிமிசம். உங்க வூடும் படத்துல வரும்."

"விழுந்த வூட்டப் படம் புடிச்சு யாருக்குக் காட்டப் போறீங்க?"

அவள் வாய்க்காலில் இறங்கி ஒரு சாக்கைப் பிடித்து இழுத்தாள். தண்ணீரின் பாரத்தில் அது அசையவில்லை. தேவயானி மண்வெட்டியோடு மறுபக்கம் இறங்கினாள்.

"தேவயானி! நீ செயலாளர்!"

"அதான் சார், மண்வெட்டி எங்கிட்ட இருக்கு."

"சான்றிதழ் கிடையாது, சொல்லிட்டேன்!"

அவள் அதற்குள் முதல் சாக்கைக் கிழித்திருந்தாள். மண் கரைந்தது, இரண்டாவது சாக்கு தானாகச் சரிந்தது. தேங்கியிருந்த தண்ணீர் ஒரே மூச்சில் ஏரிப் பக்கம் பாய்ந்தது. ஸ்டுடியோக்காரர் அவசரமாக ஒரு படம் எடுத்தார். கழுவிப் பார்த்தபோது அதில் ஒரு மண்வெட்டியும் இரண்டு பெண்களின் முதுகும் இருந்தன, தேங்கிய தண்ணீர் இல்லை.

புகைப்படம் இணைக்கப்படாததால் மழைநீர் சேகரிப்புக்கு மதிப்பெண் வழங்கப்படவில்லை. கேடயம் வேறு பள்ளிக்குப் போனது. தேவயானிக்குச் சான்றிதழ் தரப்படவில்லை. அந்த மழைக்காலத்தில் பஞ்சவர்ணத்தின் வீட்டுச் சுவர் விழவில்லை.