கோரைத்திடலில் ஆள் இல்லை

2013ஆம் ஆண்டு பிப்ரவரி ஆறாம் நாள், புதன்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். வானத்தில் மேகமில்லை, கடலிலிருந்து வடகிழக்குக் காற்று மெல்ல வீசிக்கொண்டிருந்தது. வேதாரண்யத்துக்கு வடக்கே, உப்பளங்களும் நெல்வயல்களும் சந்திக்கும் கோரைத்திடல் என்னும் மேட்டில் அப்போது ஒருவரும் இல்லை. இருபத்தெட்டுக் குடிசைகள் இருந்தன, படல்கள் சாத்தப்பட்டிருந்தன, அடுப்புகள் நீர் தெளித்து அணைக்கப்பட்டிருந்தன. குடிசைகளுக்குரியவர்கள் அனைவரும் மேட்டுக்குப் பின்னாலிருந்த சீமைக்கருவேலங்காட்டுக்குள் குந்தியிருந்தார்கள். நாய்களும் உடனிருந்தன. அவையும் குரைக்கவில்லை.

காரணம், ஒரு ஜீப்.

ஜீப்பைக் கண்டால் மறைவது கோரைத்திடலில் தாய்ப்பாலோடு வரும் பழக்கம். அவர்களுடைய பெற்றோர் மேற்கே ஒரு கிராமத்தில் பண்ணையாட்களாக இருந்தவர்கள். கூலி உயர்வு கேட்டதற்காகக் குடியிருந்த மனைக்கட்டிலிருந்து விரட்டப்பட்டு, இந்தப் புறம்போக்கில் வந்து ஒண்டினார்கள். அதன்பின் எந்தக் கட்சி ஆண்டாலும் ஜீப் வந்தது காலி செய்யச் சொல்லும் நோட்டீசோடுதான். ஆள் இல்லாவிட்டால் நோட்டீசை வாங்கிக்கொள்ள ஆளில்லை. நோட்டீசு கொடுக்காமல் குடிசையைப் பிரிக்கச் சட்டத்தில் இடமில்லை. இம்முறையில் குறை காண ஒன்றுமில்லை. நாற்பதாண்டுகளாக அது அவர்களைக் காப்பாற்றி வந்தது.

அன்று வந்த ஜீப் மட்டும் அவர்களே மனுக் கொடுத்து வரவழைத்தது.

மனுவில் முதற்கையெழுத்து அம்சவல்லியுடையது. நடவுக்குப் பெண்களைத் திரட்டிக் குத்தாலம் வரையில் அழைத்துச் செல்பவள் அவள். ஊரில் அவள் சொல்லுக்கு மறுசொல் குறைவு. குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா வழங்கலாமா என்று பார்க்க வட்டாட்சியர் வரும் நாள் இது என்பது, முட்களுக்கு நடுவே குந்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்தாள். முள் சேலையைப் பிடித்துக்கொண்டது. விடுவித்துக்கொண்டு அவள் மேட்டுக்கு வந்தபோது புழுதி மட்டும் நின்றிருந்தது.

“ஜீப்பு வந்தா யாரும் அசையக் கூடாதுன்னு நேத்தே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே,” என்றாள்.

“சொன்ன நீதாண்டி மொத ஆளா ஓடுன,” என்றாள் அடுத்த குடிசைக் கண்ணாத்தாள். “ஒன்னப் பாத்துத்தான் நாங்க ஓடுனோம்.”

அம்சவல்லி சேலைக் கிழிசலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

விளைவு சிறியதன்று. அதே இடத்தை இறால் பண்ணைக்குக் குத்தகையாகக் கேட்டு நடராசன் என்பவர் விண்ணப்பித்திருந்தார். வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டு இறாலுக்கு மாறிய நிலக்கிழார் அவர். அங்கே யாரும் குடியில்லை என்பது அவர் வாதம். சான்றாக அவர் இணைத்திருந்தது அரசின் சொந்த அறிக்கை.

அறிக்கை பிறந்த கதையும் ஜீப்பில்தான் தொடங்குகிறது. காற்றில் கலந்த பாதரசத்தை அளக்கும் நிலையத்துக்கு இடம் தேடி, மூன்றாண்டுகளுக்கு முன் ஆய்வாளர்கள் சிலர் ஜீப்பில் வந்தார்கள். எங்கெங்கோ எரியும் நிலக்கரியிலிருந்து எழுந்து கடல் கடந்து வரும் பாதரசத்தை அளக்க, பக்கத்தில் அடுப்புப் புகைகூட இல்லாத ஒதுக்கிடம் வேண்டும். மூடிய குடிசைகளையும் குளிர்ந்த அடுப்புகளையும் பார்த்து, ‘கைவிடப்பட்ட உப்பளக் கொட்டகைகள், மனித நடமாட்டம் இல்லை’ என்று மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டு போனார்கள். சில மாதங்களில் மேட்டின் மேற்கு முனையில் ஒரு தகரக் கூடமும், அதன்மேல் காற்றை உறிஞ்சும் குழாயும் எழுந்தன.

கருவியைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டவன் அமிர்தலிங்கம். வாரமொரு முறை மோட்டார் சைக்கிளில் வருவான். மோட்டார் சைக்கிளுக்கு யாரும் ஓடுவதில்லை. ஆகவே, கோரைத்திடலில் ஆள் உண்டு என்பதை நேரில் அறிந்த ஒரே அரசு ஊழியன் அவன்தான். கருவியும் அறியும். காலையிலும் மாலையிலும் கருவேல விறகு எரியும்போது, விறகிலுள்ள அணுவளவு பாதரசமும் புகையோடு வந்து அதன் அளவீட்டை உயர்த்தியது. ஆளில்லாத இடத்தில் நாள்தோறும் இருவேளை எது எரிகிறது என்று தலைமையகம் கேட்டது. ‘ஆராயப்பட்டு வருகிறது’ என்று அவன் பதில் எழுதினான். இரண்டாண்டுகளாக ஆராயப்பட்டு வந்தது. உண்மையை எழுதினால் நிலையத்தைப் பெயர்ப்பார்கள்; அவனையும் பெயர்ப்பார்கள். அவன் மனைவி வேதாரண்யத்தில் ஆசிரியை.

அந்த வாரம் அவன் வந்ததும் அம்சவல்லி கூடத்து வாசலில் நின்றாள்.

“எங்க அடுப்பு ஒங்க மிசினுக்குத் தெரியுமா தம்பி?”

“நல்லாத் தெரியும்க்கா. நீங்க என்னைக்கு லேட்டா எந்திரிச்சீங்கன்னுகூடத் தெரியும். பொங்கலன்னைக்கு என்னா ஏறு ஏறுச்சுங்கிறீங்க.”

“அப்பறம் ஆளே இல்லன்னு எழுதியிருக்கு?”

“அது ஜீப்ல வந்தவங்க எழுதுனது.”

“சரி. மிசினு எழுதுனத நீங்க வந்து சொல்லுங்க.”

சொன்னால் நேர்வதை அவன் விளக்கினான். மனைவியின் வேலையையும் மறைக்கவில்லை. அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

“ஒங்கள வேற எடத்துக்கு மாத்துவாங்க,” என்றாள் முடிவில். “எங்கள எந்த எடத்துக்கு மாத்துவாங்க?”

அமிர்தலிங்கம் குழாயை நெடுநேரம் துடைத்தான். துடைக்கும் அளவுக்கு அதில் அழுக்கில்லை.

அடுத்த திங்கட்கிழமை விசாரணை. வட்டாட்சியர் மங்களாம்பிகை இரு தரப்பையும் எதிரே உட்காரவைத்தார். ஆளில்லை என்பதை வட்டாட்சியரே நேரில் கண்டிருந்ததால், நடராசனுக்கு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. அமிர்தலிங்கம் எழுந்தான். முதலில் வந்த அறிக்கை ஜீப்பிலிருந்து பார்த்தவர்கள் எழுதியதென்றும், கருவி அங்கேயே இருந்து பார்ப்பதென்றும் சொல்லி, மடிக்கணினியைத் திருப்பிவைத்தான். திரையில் ஒவ்வொரு நாளும் இரட்டைத் திமிலோடு ஒட்டகம்போல் நின்றது. வட்டாட்சியர் ஆறாம் தேதியைக் காட்டச் சொன்னார். அன்றைய முதல் திமில் பாதியில் வெட்டுண்டு, சற்றுப் பொறுத்து மீண்டும் எழுந்திருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“நான் வந்தேன், அணைஞ்சிது. நான் போனேன், மூண்டுது. அப்படித்தானே?”

“ஆமாங்க மேடம்.”

யாரோ மாடு மேய்க்க வந்தவன் மூட்டிய நெருப்பாக இருக்கலாம் என்றார் நடராசன்.

“ரெண்டு வருஷமா, தெனம் ரெண்டு வேளை, அதே எடத்துல மூட்டுறானா? அப்படின்னா அவனுக்குத்தாங்க மொதல்ல பட்டா குடுக்கணும்.”

பிறகு அம்சவல்லியிடம், தம்மைக் கண்டு ஏன் ஓடினார்கள் என்று கேட்டார்.

“ஒங்களக் கண்டு ஓடலம்மா, ஜீப்பக் கண்டு ஓடுனோம். நல்லதுக்கு வர்ற ஜீப்ப நாங்க இன்னும் பாத்ததில்ல. பாத்தா நின்னு பழகிக்குவோம்.”

வட்டாட்சியர் சிரிக்கவில்லை; எழுத்தரை அழைத்தார். குடியிருப்பு மெய்ப்பிக்கப்பட்டதாகவும், இருபத்தெட்டுக் குடும்பங்களுக்கும் பட்டா வழங்கலாமென்றும், குத்தகை விண்ணப்பம் தள்ளப்பட்டதென்றும், அளவை நிலையம் ஓராண்டுக்குள் தகுந்த வேறிடத்துக்குச் செல்லலாமென்றும் ஆணையின் வாசகத்தைச் சொன்னார். ‘தகுந்த’ என்னும் சொல் வந்தபோது அமிர்தலிங்கத்தைப் பார்த்தார்.

தட்டச்சு முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். நடராசன் காரில் ஏறிப் போனார்.

“இனிமே நெசமாவே ஆளில்லாத எடமாத் தேடணும்க்கா,” என்றான் அமிர்தலிங்கம்.

“இந்தக் காவேரிப் பாசனத்துலயா? அப்படி ஒரு எடம் இருந்தா அதுக்கு இந்நேரம் நாலு பேரு மனு குடுத்திருப்பாங்க தம்பி.”

அவன் அன்று முதன்முறையாகச் சிரித்தான். குழாயை ஊருக்குக் கடற்பக்கமாக, காற்று வரும் திசையில் தள்ளிவைத்தாலே போதுமா என்று அவன் கணக்குப் போடத் தொடங்கியபோது, உள்ளிருந்து பெயர் சொல்லி அழைத்தார்கள். அம்சவல்லி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு போனாள்.

மங்களாம்பிகை ஆணையை ஒருமுறை முழுவதும் படித்து, பச்சை மையால் கையெழுத்திட்டு, முத்திரை காயும்வரை மின்விசிறிக்கு நேரே பிடித்திருந்தார். பிறகு மேசையைச் சுற்றி வந்து, அதை அவள் கையில் கொடுத்தார்.