கடைசியாகக் கிடைத்த பதில்

அறையில் நாலு நாற்காலிதான். மருத்துவமனை நிர்வாகி, இவளுடைய மேலாளர், இவள், எதிரே அந்த நர்ஸ். நேற்று மாலை ஷிப்ட் மாறிய சற்று நேரத்தில் ஒரு நோயாளி மூச்சுத் திணறி, கட்டிலோரத்து மணியை அழுத்தியிருக்கிறார். யாரும் போகவில்லை. இறந்துவிட்டார். தனக்கு மணியே வரவில்லை என்கிறாள் நர்ஸ்.

மணி எங்கே போனது என்று இவளுக்குத் தெரியும். கட்டில் மணியை நர்ஸின் போனுக்கு அனுப்பும் செயலியை எழுதியவளே இவள்தான். எந்தக் கட்டிலின் மணி எந்த நர்ஸின் போனில் அடிக்க வேண்டும் என்ற விவரத்தை மூன்று சர்வர்கள் ஒன்றுபோல் வைத்திருக்கும். ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்றைக் கேட்கலாம். செயலியை அவசர அவசரமாக இணைத்தபோது ஒன்றின் முகவரியை மட்டும் கொடுத்து, மற்ற இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். நேற்று படுத்தது அந்த ஒன்றுதான்.

"இணைப்பு அறுந்தா திரையில செவப்பு காட்டட்டுமா சார்?" என்று அப்போதே மேலாளரைக் கேட்டிருந்தாள்.

"பெரிய டாக்டர் பாக்க வர்றப்போ செவப்பு எரிஞ்சுதுன்னா, காலியா இருக்கற கட்டில்ல என்னைத்தான் படுக்கவைப்பாங்க. சர்வர்கிட்டேர்ந்து கடைசியா கெடச்ச பதிலை வச்சே ஓட்டும்மா."

சிரித்துக்கொண்டே அப்படிச் செய்துகொடுத்தாள். நேற்றும் திரை பச்சையாகவே இருந்தது. ஷிப்ட் மாறியது செயலிக்குத் தெரியவில்லை. வேலை முடித்து வீட்டுக்குப் போய்விட்ட இன்னொரு நர்ஸின் டியூட்டி போன், வார்டின் பூட்டிய அலமாரிக்குள் அடித்து ஓய்ந்தது.

உள்ளே வருமுன் மேலாளர் காதோரம் சொல்லியிருந்தார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா எதையும் அவுத்து விடாதே. போறது உன் வேலை மட்டும் இல்ல."

"மணி அடிச்சுதா, இல்லையாம்மா?" என்றார் நிர்வாகி.

"சொல்லுங்கக்கா," என்றாள் நர்ஸ். "பாத்ரூம் போனாக்கூட போனைக் கையிலயே வச்சிருப்பேன். நீங்க சொன்னா நம்புவாங்க."

அடித்தது, ஆனால் இந்த நர்ஸின் போனில் இல்லை. முழுசாகச் சொல்ல இரண்டு மூச்சு போதும். முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டால்கூடப் பொய்யாகாதே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் உடம்பு லேசானது. தன் உடம்பின் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அடிச்சுது."

நிர்வாகி எழுதிக்கொண்டார். நர்ஸ் சண்டைக்கு வரவில்லை, அழவுமில்லை. கையிலிருந்த போனின் ஒலி அளவைப் பார்த்தாள்.

"அப்போ எனக்குத்தான் கேக்கல போல," என்றாள். நிஜமாகவே நம்பிவிட்ட குரல் அது.